பிளாஸ்மாசைட்டோமா: பயாப்ஸி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது எப்படி?

பேத்தாலஜி அறிக்கையில் ‘பிளாஸ்மாசைட்டோமா’, அதாவது பிளாஸ்மா செல்களால் ஆன புற்றுக்கட்டி, என்று எழுதி வந்திருக்கிறதா? அப்படியானால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். நான் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் திசு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஃபார்மலின் டப்பாவில் வந்து சேரும் துணுக்கை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக்கிப் பேத்தாலஜிஸ்டிடம் கொடுப்போம். முடிவு எழுதுவது அவர்கள். ஆனால் இத்தனை வருடத்தில், எந்த வரி எதற்காக எழுதப்படுகிறது என்பது எனக்குப் பழகிவிட்டது. சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அறிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஈசூனில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இந்த நோய் வந்தபோது அவர் மகனுக்கு நான் எழுதி அனுப்பியதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

படிக்கத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பயாப்ஸி ஸ்லைடு ‘இது என்ன’ என்று சொல்லும். ‘இது ஒன்றே ஒன்றுதானா’ என்று அதால் சொல்ல முடியாது. ஒன்றுதான் என்று சொல்ல வேண்டுமானால், உடம்பின் மற்ற இடங்களையெல்லாம் தேடிப் பார்த்து அங்கே இல்லை என்று காட்ட வேண்டும். சிகிச்சை என்ன, பின்னால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த இரண்டாவது கேள்வியைப் பொறுத்தது. நிறையக் குடும்பங்கள் முதல் பதிலோடு நின்றுவிடுகின்றன. சிலர் பயந்துபோகிறார்கள், சிலர் சீக்கிரமே நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். அறிக்கைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துப் படியுங்கள்.

எந்தச் செல், எந்த இடம்

பிளாஸ்மா செல் நம் எல்லோருக்கும் உண்டு. பி லிம்போசைட் என்ற வெள்ளையணு முதிர்ந்து பிளாஸ்மா செல் ஆகிறது. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் சுரப்பது அதன் வேலை. எலும்பு மஜ்ஜையிலும், மூக்கு, தொண்டை, குடல் இவற்றின் உள்சவ்விலும் அது எப்போதும் இருக்கும். ஒரு செல் கட்டுப்பாடு இல்லாமல் பெருகி, அதிலிருந்து வந்தவை மஜ்ஜையெங்கும் பரவினால் அது மல்டிபிள் மைலோமா. ஒரே இடத்தில் கட்டியாகத் திரண்டு நின்றால் ஒற்றைப் பிளாஸ்மாசைட்டோமா. பிளாஸ்மா செல் புற்றுநோய்களில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. மைலோமா வரும் வயதுக்குச் சில வருடம் முன்னதாகவே, 55 முதல் 65 வயது வாக்கில் பெரும்பாலும் தெரியவருகிறது.

அறிக்கையில் முதலில் தேட வேண்டியது கட்டி எலும்பில் இருக்கிறதா, எலும்புக்கு வெளியே மென்திசுவில் இருக்கிறதா என்பது. இரண்டும் பெயரில்தான் அண்ணன் தம்பி. போக்கு வேறு.

எலும்பு வகைதான் அதிகம். முதுகெலும்பில்தான் பெரும்பாலும் வரும், அதிலும் மார்புப் பகுதி முள்ளெலும்புகளில். அப்புறம் இடுப்பெலும்பு, விலா, மண்டையோடு, தொடை, மேற்கை. முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே வருவது அபூர்வம். வலிதான் முதல் அறிகுறி. எலும்பை உள்ளிருந்து அரித்து மெலிய வைப்பதால், சாதாரணமாகக் குனிந்து எதையாவது தூக்கும்போதே முறிந்துவிடலாம். எம்ஆர்ஐ அறிக்கையில் சில சமயம் ‘மினி பிரெயின்’ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து மூளைக்குப் போய்விட்டது என்று பதறாதீர்கள். முள்ளெலும்பை நோய் அரித்தபின் மிஞ்சிய தடித்த எலும்புக் கம்பிகள் குறுக்குவெட்டுப் படத்தில் மூளை மடிப்பு மாதிரித் தெரிவதால் வந்த பெயர் அது.

சித்தப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வலி என்றதும், இத்தனை வருடம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த வலி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நல்லெண்ணெய் போட்டு நீவிவிட ஆளும் தயாராக இருந்தது. பலதுறை மருந்தகத்தில், இரவில் படுத்தாலும் வலி குறையவில்லை என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எக்ஸ்ரே எடுக்க வைத்தது. ஓய்விலும் விடாத வலி, ராத்திரி எழுப்பும் வலி, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எலும்பில் கட்டி இருக்கும் என்ற சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து நீவுவது, நெட்டி எடுப்பது, முதுகில் மிதிக்கச் சொல்வது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மெலிந்த முள்ளெலும்பு நொறுங்கினால் தண்டுவடம் நசுங்கும். கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் இறங்காமல் நிற்பது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, இதில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 995-ஐ அழையுங்கள்.

மென்திசு வகையில் பத்தில் எட்டுக்கு மேல் தலை, கழுத்துப் பகுதியில் வரும். மூக்குக்குள், சைனஸில், மூக்கின் பின்தொண்டையில், குரல்வளையில். ஒரு பக்க மூக்கடைப்பு விடாமல் இருக்கும், மூக்கில் ரத்தம் வரும், குரல் கம்மிப்போகும். சிங்கப்பூரில் இப்படி ஒருவர் போனால் காது மூக்கு தொண்டை மருத்துவர் உடனே குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பார். இங்கே சீனர்களிடையே மூக்கின் பின்தொண்டைப் புற்றுநோய் கணிசமாக இருப்பதால் அந்த எச்சரிக்கை மருத்துவர்களுக்கு ஊறிப்போனது. அதைத் தேடிப் போய் எடுத்த துணுக்கில் பிளாஸ்மா செல் கூட்டம் கிடைப்பதும் உண்டு.

துணுக்கு ஆய்வகத்தில் என்ன ஆகிறது

‘பயாப்ஸி எடுத்து இத்தனை நாளாச்சு, இன்னும் ரிசல்ட் வரலையே’ என்று கேட்காத குடும்பம் இல்லை. மூக்குத் துணுக்கு சீக்கிரம் முடியும். எலும்புத் துணுக்கு அப்படியில்லை. எலும்பில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்தால்தான் கத்தி இறங்கும். அமிலத்தில் போட்டால் வேகமாகக் கரையும், ஆனால் வலுவான அமிலம் டிஎன்ஏ-யைச் சிதைக்கும், பின்னால் மரபணுச் சோதனை செய்ய முடியாமல் போகும். ஈடிடிஏ என்ற கரைசலில் போட்டால் திசு பத்திரமாக இருக்கும், நாள் பிடிக்கும். அந்தத் தாமதத்துக்கு இதுதான் காரணமாக இருந்தால் பொறுத்துக்கொள்வது லாபம். சுண்ணாம்பு போனபின் மெழுகுக்கட்டியில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை முந்நூறாகப் பிரித்தால் எவ்வளவோ அவ்வளவு மெல்லிசாகச் சீவுவோம்.

ஹீமடாக்சிலின், ஈயோசின் என்ற நீலமும் இளஞ்சிவப்புமான அடிப்படைச் சாயம் ஏறியதும் பிளாஸ்மா செல் தன்னை எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். செல் முட்டை வடிவம். உட்கரு நடுவில் இருக்காது, ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். உட்கருவுக்குள் குரோமாட்டின் விளிம்பைச் சுற்றித் திட்டுத்திட்டாக இருக்கும். கடிகார முகப்பு என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான். உட்கருவை ஒட்டி வெளிறிய ஒரு பிறை தெரியும், ஆன்டிபாடிகளைப் பொதி கட்டி அனுப்பும் கோல்கி அங்கே இருக்கிறது. மீதி செல்லெல்லாம் ஊதா கலந்த நீலம். நோயில்லாத திசுவில் இவை அங்கொன்றும் இங்கொன்றுமாக, மற்ற செல்களோடு கலந்து நிற்கும். பிளாஸ்மாசைட்டோமாவில் வேறு எதுவும் இல்லாமல் இவையே விரிப்பு விரிப்பாகப் பரந்து கிடக்கும். அறிக்கையில் ‘ஷீட்ஸ்’ என்று எழுதுவது அதைத்தான்.

சில செல்களுக்குள் சுரந்த ஆன்டிபாடி வெளியேற வழியில்லாமல் திரண்டு, வெந்த ஜவ்வரிசி மணி போல உருண்டையாக, சிவப்பாக நிற்கும். ரஸல் உருண்டைகள் என்று பெயர். 1890-இல் எடின்பரோவில் வில்லியம் ரஸல் இவற்றைக் கண்டபோது புற்றுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரி என்றே கருதினார். செல்லே செய்த புரதம் என்பது பின்னால்தான் தெரிந்தது. இந்த வார்த்தை அறிக்கையில் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நோயில்லாத அழற்சியிலும் இவை இருக்கும், நோயின் தீவிரத்தை இவை சொல்வதில்லை.

தீவிரத்தை ஓரளவு சொல்வது செல்லின் முதிர்ச்சி. ‘மெச்சூர்’, ‘வெல் டிஃபரென்ஷியேட்டட்’ என்றிருந்தால் செல்கள் இயல்பான பிளாஸ்மா செல்லை ஒத்திருக்கின்றன. ‘பிளாஸ்மாபிளாஸ்டிக்’, ‘அனாபிளாஸ்டிக்’ என்றிருந்தால் உட்கரு பெரிதாகி, நடுவில் எடுப்பான நியூக்ளியோலஸ் தெரியும், அடையாளம் காண்பதே கடினமாகும். அப்படி இருந்தால் பேத்தாலஜிஸ்ட் இன்னும் நிறையச் சாயச் சோதனைகள் கேட்பார்.

பழுப்பு நிறம் ஏறும் சோதனைகள்

அறிக்கையில் பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி இது. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்று தலைப்பு, கீழே சிடி138, சிடி38, மம்1 என்று வரிசையாக எழுத்தும் எண்ணும். தேடும் புரதம் செல்லில் இருந்தால் ஸ்லைடில் அந்த இடம் பழுப்பாகும், இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். அவ்வளவுதான் விஷயம். பாசிட்டிவ் என்றால் கெட்டது, நெகட்டிவ் என்றால் நல்லது என்ற கணக்கு இங்கே இல்லை. ஒவ்வொன்றும் ஓர் அடையாளக் கேள்விக்குப் பதில்.

சிடி138, சிடி38, மம்1 மூன்றும் பாசிட்டிவ் என்றால் இது பிளாஸ்மா செல்தான் என்பது உறுதிப்படுகிறது. சிடி20 பெரும்பாலும் நெகட்டிவாக இருக்கும், அது முந்தைய பருவத்து பி செல்லின் அடையாளம். சிடி138 மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. தோல், சளிச்சவ்வு வகைச் செல்களிலிருந்து வரும் கார்சினோமாவிலும் அது பழுப்பாகும். அதனால்தான் கூடவே கெராட்டின் சோதனையும் செய்திருப்பார்கள், அது நெகட்டிவ் என்று இருக்க வேண்டும். சிடி56 எலும்புவகைக் கட்டியில் அடிக்கடி பாசிட்டிவாகவும், மூக்குத் தொண்டை வகையில் பெரும்பாலும் நெகட்டிவாகவும் வரும்.

அடுத்ததுதான் முக்கியமான வரி. சித்தப்பா மகன், என் தம்பி, என்னைக் கூப்பிட்டதே இதற்காகத்தான். “அக்கா, ‘கப்பா ரெஸ்ட்ரிக்டட்’னு போட்டிருக்கு. கப்பா நல்லதா, லாம்டா நல்லதா?” ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் இரண்டு வகைச் சங்கிலிகளில் ஒன்றுதான் இருக்கும், கப்பா அல்லது லாம்டா. ஒரு செல் ஒரு வகையைத்தான் செய்யும். கிருமிக்கு எதிராகக் கூடிய சாதாரணக் கூட்டத்தில் இரண்டு வகைச் செல்களும் கலந்திருக்கும், சுமார் இரண்டு கப்பாவுக்கு ஒரு லாம்டா. எல்லாச் செல்களும் ஒரே வகையைத்தான் செய்கின்றன என்றால், எல்லாமே ஒரே செல்லிலிருந்து பெருகி வந்தவை. ஸ்லைடில் அது பார்த்தவுடன் தெரியும். கப்பா ஸ்லைடு முழுக்கப் பழுப்பு, பக்கத்தில் லாம்டா ஸ்லைடு வெறும் நீலம். கப்பாவா லாம்டாவா என்பது நல்லது கெட்டதைப் பற்றியதல்ல. ஏதோ ஒன்று மட்டும் என்பதுதான் செய்தி. எது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ரத்தச் சோதனையைப் படிக்கும்போது வேண்டும்.

இந்த வரி அறிக்கையில் இல்லாவிட்டால், ‘கப்பா, லாம்டா சோதனை செய்தார்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள். மூக்கிலும் தொண்டையிலும் நாள்பட்ட அழற்சி இருந்தாலே பிளாஸ்மா செல்கள் குவிந்துவிடும். ஐஜிஜி4 சார்ந்த நோயிலும், நாள்பட்ட எலும்புத் தொற்றிலும் அப்படித்தான். அவை புற்றுநோய் இல்லை. ஒரே வகைதான் என்று காட்டாமல் பிளாஸ்மாசைட்டோமா என்று முடிவுசெய்ய முடியாது.

குழப்பம் தரும் இன்னும் சிலவும் உண்டு. மால்ட் லிம்போமா என்ற மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோயில் நிறைய செல்கள் பிளாஸ்மா செல்லாக முதிர்ந்து காணப்படும். கூடவே சிடி20 பாசிட்டிவான சிறிய செல்கள் இருந்தால் பேத்தாலஜிஸ்ட் அந்தப் பக்கம் யோசிப்பார். முதிராத செல்களாக இருந்தால் பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா இல்லை என்று காட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தேடும் ‘ஈபர்’ சோதனை செய்வார்கள், எச்ஐவி சோதனையும் கேட்கலாம். அதைக் கேட்டதற்காக யாரும் சங்கடப்பட வேண்டாம். நோயைச் சரியாகப் பிரித்தறிய வேண்டிய சோதனை அது.

கொஞ்சம் தடிமனாகச் சீவிய ஸ்லைடில் காங்கோ ரெட் ஏற்றுவதும் உண்டு. 1880-களில் துணிக்குச் சாயமாக வந்த பொருள் அது. அமிலாய்டு என்ற புரதப் படிவு இருந்தால் சாதாரண வெளிச்சத்தில் செம்மஞ்சளாகத் தெரியும், ஒளிமுனைவாக்கக் கண்ணாடியைத் திருப்பினால் பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். இத்தனை வருடம் பார்த்தும் அந்தப் பச்சை வரும் கணம் எனக்கு இன்னும் பிடிக்கும். அறிக்கையில் அமிலாய்டு உண்டு என்று இருந்தால், கட்டிக்குள் மட்டும்தானா, இதயம், சிறுநீரகத்திலும் இருக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி, ஒன்றுதானா?

“ஏம்மா, ஒண்ணுதானே இருக்கு? வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது இல்ல?” என்று சித்தப்பா கேட்டார். ஒன்றுதானா என்பது இனிமேல்தான் தெரியும் சித்தப்பா என்றேன். அதற்கு வேண்டிய அறிக்கைகளை ஒரு கோப்பில் சேருங்கள்.

முதலாவது எலும்பு மஜ்ஜைச் சோதனை. இடுப்பெலும்பின் பின்மேட்டிலிருந்து ஊசியால் எடுப்பார்கள். அதில் ஒரே வகைப் பிளாஸ்மா செல்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் பார்க்க வேண்டிய எண். அறவே இல்லை என்றால் சுத்தமான ஒற்றைப் பிளாஸ்மாசைட்டோமா. இருந்து, 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் ‘குறைந்த மஜ்ஜைப் பாதிப்புடன் கூடிய ஒற்றைப் பிளாஸ்மாசைட்டோமா’ என்று தனிப் பெயர். 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் அது ஒற்றை இல்லை. சர்வதேச மைலோமா பணிக்குழு 2014-இல் இந்த எல்லைகளை வகுத்தது. மேற்பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் மஜ்ஜையிலும் மிகச் சிறிய கூட்டம் ஒளிந்திருக்கலாம், அதைப் பிடிப்பது ஃப்ளோ சைட்டோமெட்ரி. அந்தச் சோதனை செய்தார்களா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது படங்கள். எக்ஸ்ரே மட்டும் போதாது. எலும்பு கணிசமாகக் கரைந்தபின்தான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். முழு முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் எம்ஆர்ஐ, அல்லது உடம்பு முழுவதற்கும் பெட்-சிடி வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றாகத் தெரிந்தது இவற்றில் இரண்டு மூன்றாகத் தெரிவது அபூர்வமல்ல. பழைய வகை நியூக்ளியர் எலும்பு ஸ்கேன் இந்த நோய்க்குச் சரிவராது. எலும்பு புதிதாக வளரும் இடத்தைத்தான் அது காட்டும், இங்கே எலும்பு கரையத்தான் செய்கிறது.

மூன்றாவது ரத்தமும் சிறுநீரும். கால்சியம், சிறுநீரகம், ரத்தசோகை, எலும்பு, இந்த நான்கும்தான் மைலோமாவின் பாதிப்புப் பட்டியல். கால்சியம் லிட்டருக்கு 2.75 மில்லிமோலுக்கு மேல், கிரியாட்டினின் 177 மைக்ரோமோலுக்கு மேல், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழ், இவை எல்லைக்கோடுகள். இதில் ஒன்று தாண்டியிருந்தாலும், அதற்குக் காரணம் இந்த நோயா, ஏற்கெனவே இருக்கும் நீரிழிவா, வேறு ஏதாவதா என்று பிரித்துக் கேளுங்கள். நம்மவர்களில் நிறையப் பேருக்கு நீரிழிவால் சிறுநீரகம் முன்பே தளர்ந்திருக்கும். வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரக அறிக்கையைப் பார்த்தபின் மருத்துவர் சொல்லட்டும்.

புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸ், இம்யூனோஃபிக்ஸேஷன் என்ற சோதனைகள், கட்டி சுரக்கும் ஒரே வகை ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று தேடும். அறிக்கையில் ‘எம் புரோட்டீன்’ அல்லது ‘பாராபுரோட்டீன்’ என்று இருக்கும். எலும்புவகையில் சுமார் பாதிப்பேருக்கு இது தென்படும், மென்திசு வகையில் நான்கில் ஒருவருக்கும் குறைவு. தென்பட்டால் மைலோமா என்று அர்த்தமில்லை. அளவு சிறியதா, ஸ்லைடில் கண்ட அதே கப்பா அல்லது லாம்டா வகைதானா என்று பாருங்கள். ஃப்ரீ லைட் செயின் விகிதம், அதாவது ரத்தத்தில் தனியாக மிதக்கும் கப்பா, லாம்டா சங்கிலிகளின் விகிதம், 0.26-க்கும் 1.65-க்கும் இடையில் இருந்தால் இயல்பு. அதற்கு வெளியே இருந்தால் பின்னாளில் மைலோமாவாக மாறும் வாய்ப்பு கூடுதல்.

இன்னொன்று. கை கால் எரிச்சல், மரத்துப்போதல் இருந்து, கட்டி எலும்பைக் கரைக்காமல் இறுகச் செய்திருந்து, லாம்டா என்றும் வந்திருந்தால், போயம்ஸ் என்ற வேறு நோயா என்று கேளுங்கள். நரம்பு அறிகுறியை நீரிழிவின் தலையில் போட்டுவிடுவது எளிது.

சித்தப்பாவுக்கு மஜ்ஜையில் எதுவும் இல்லை, பெட்-சிடியில் முதுகெலும்பு தவிர எங்கும் இல்லை, எம் புரோட்டீன் சிறிதளவு இருந்தது, அதே கப்பா. ஒற்றை என்று மருத்துவர் அன்றைக்குத்தான் எழுதினார்.

எண்களை எப்படி எடுத்துக்கொள்வது

மஜ்ஜை சுத்தமாக இருந்தால் மூன்று வருடத்துக்குள் மைலோமாவாக முன்னேறுபவர்கள் சுமார் 10 சதவீதம். மஜ்ஜையில் சிறிதளவு இருந்தால் எலும்புவகையில் அது 60 சதவீதம், மென்திசு வகையில் 20 சதவீதம். நீண்டகாலக் கணக்கில், எலும்புவகையில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பத்து வருடத்துக்குள் மைலோமா வருகிறது. மென்திசு வகையில் அது வெகு குறைவு, நிறையப் பேருக்கு நிரந்தரமாகவே குணமாகிறது. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதும் ஆபத்தைக் கூட்டும் அம்சமாகக் கணக்கில் வரும். இந்த எண்களை நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் ரகசியக் கூட்டம் போடாதீர்கள். அவர் கேட்டால் சொல்லுங்கள். அவர் உடம்பு, அவர் கணக்கு. சித்தப்பாவிடம் சொன்னபோது, “பாதிதானே, மீதிப் பாதியும் இருக்குல்ல” என்றார்.

சிகிச்சை

கதிர்வீச்சுதான் முதன்மை. மொத்தம் 40 முதல் 50 கிரே (கதிர் அளவின் அலகு), நாளொன்றுக்கு 1.8 அல்லது 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், நான்கைந்து வாரம் போக வேண்டியிருக்கும். பிளாஸ்மா செல் கதிருக்கு நன்றாகவே மசியும், பெரும்பாலானோருக்கு அந்த இடத்தில் நோய் அடங்கிவிடுகிறது. வெட்டி எடுப்பது தேவைப்படுவது, முள்ளெலும்பு சரிந்து கம்பி வைத்துத் தாங்க வேண்டியபோது, தண்டுவடம் நசுங்கும்போது. அதன் பிறகும் கதிர்வீச்சு உண்டு. கீமோ ஏன் கொடுக்கவில்லை என்று உறவினர்கள் கேட்பார்கள். ஒற்றை என்று உறுதியானவர்களுக்கு அது வழக்கமான சிகிச்சை இல்லை. கொடுக்காததை அலட்சியம் என்று நினைக்காதீர்கள்.

மூக்கு, தொண்டைக்குக் கதிர்வீச்சு என்றால் தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், பின்னால் பல் பிடுங்குவது சிக்கலாகும். முதுகுக்கு என்றால் நடுவில் சில நாள் விழுங்கும்போது நெஞ்சு எரியலாம். ரசம் சாதம், கஞ்சி, காரமில்லாத குழம்பு போதும்.

அவுட்ரமிலோ கென்ட் ரிட்ஜிலோ உள்ள மருத்துவமனைக்குத் தினமும் போய்வரும் அலைச்சல்தான் குடும்பத்தைக் களைக்கவைக்கும். போக்குவரத்தையும் செலவையும் பற்றி முதல் வாரத்திலேயே மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசுங்கள். கதிர்வீச்சுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசியக் காப்புறுதி உண்டு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பை வரம்புக்குள் எடுக்கலாம், பிள்ளைகளின் மெடிசேவையும் பயன்படுத்தலாம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போயிருந்தால் மானியக் கட்டணம் கிடைக்கும். தனியார் ஷீல்டு திட்டம் இருந்தால் முன் ஒப்புதலுக்கு பேத்தாலஜி அறிக்கையின் நகலைக் கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள்.

முடிந்தபின்

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டியின் மிச்சம் தெரிந்தால் உடனே தோல்வி என்று எண்ண வேண்டாம். ஆறிய திசு அப்படியே நிற்கும். எம் புரோட்டீன் மெதுவாகத்தான் இறங்கும், மாதங்கள் ஆகும். ஒரு வருடத்துக்கு மேலாகியும் மறையாமல் நின்றால் அதிகக் கவனம் தேவை. முதல் சில வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தச் சோதனை இருக்கும். ஒவ்வொரு முறையும் தேதி, எம் புரோட்டீன், கப்பா, லாம்டா, விகிதம், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம் இவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரு தடவை வந்த எண்ணைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் மருத்துவருக்கு வேண்டும். புதிதாக எந்த எலும்பில் வலி வந்தாலும் அடுத்த தேதிவரை அடக்கிவைக்காமல் தாதியிடம் தொலைபேசியில் சொல்லுங்கள்.

ஊரில் இன்னொரு கருத்து கேட்கலாம் என்று சென்னைக்கோ வேலூருக்கோ போக நினைப்பவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அங்குள்ள பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடைத் தானே பார்க்க விரும்புவார். மெழுகுக்கட்டியை ஆய்வகம் பல வருடம் பாதுகாக்கிறது. சாயமேற்றிய ஸ்லைடுகளையும், அந்த மெழுகுக்கட்டியிலிருந்து புதிதாகச் சீவிய சாயமேற்றாத ஸ்லைடுகளையும் மருத்துவர் மூலம் கேட்டுப் பெறலாம். சில நாள் முன்னதாகவே சொல்லிவையுங்கள், சீவ நேரம் வேண்டும். ஸ்லைடுகளை அவற்றுக்கான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, கைப்பையில் எடுத்துப் போங்கள், செக்-இன் பெட்டியில் போட்டால் கண்ணாடி உடைந்துவிடும். எம்ஆர்ஐ, பெட்-சிடி படங்களின் குறுந்தட்டையும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள்.